ஊமை டேப் ராமபத்ரன்

மட்டாஞ்சேரியில் போய் ராமபத்ரன் வீடு எங்கே என்று கேட்டால், எந்த ராமபத்ரன் என்று திருப்பிக் கேட்பார்கள். ஊமை டேப் ராமபத்ரன் என்று கேட்டுப் பாருங்கள். வாசல் வரைக்கும் கொண்டுவந்து விட்டுவிட்டு, அவருடைய கேசட்டுகளில் எது ஒசத்தி என்று ஒரு பிரசங்கமும் செய்துவிட்டுத்தான் போவார்கள். அந்தப் பட்டப்பெயரை வைத்தவர்கள் கேலிக்குத்தான் வைத்தார்கள். மனுஷர் அதையே எடுத்து கேசட் அட்டையில் கொட்டை எழுத்தில் போட்டுக்கொண்டார். அதற்கு மேல் யார் கேலி செய்ய முடியும், சொல்லுங்கள்.

எண்பத்தெட்டில் அவருடைய நாலாவது கேசட் வந்திருந்த சமயம், பம்பாயிலிருந்து ஒரு பத்திரிகைக்காரர் எர்ணாகுளத்தில் இறங்கி, படகு பிடித்து அவரைத் தேடி வந்தார். மழையும் படகும் வேலைக்காரப் பெண்களின் பாட்டுமாகக் கலந்து இப்படி ஒரு சங்கீதம் உங்களுக்கு எங்கிருந்து கிடைத்தது, வெளிநாட்டு ரெக்கார்டு ஏதாவது கேட்டீர்களா என்று துருவித் துருவிக் கேட்டார். ராமபத்ரன் மாடித் தரையில் இருந்த திறப்பைக் காட்டி, "கீழே மிளகுக் கிடங்கு தெரியறதோல்லியோ? ஒரு பந்த் அன்னிக்கு அங்கே வச்சாக்கும் எல்லாம் தீர்மானமாச்சு" என்றார். வந்தவர் தலையை ஆட்டிக்கொண்டே எழுதிக்கொண்டார். ஒரு இழவும் புரிந்திருக்காது. புரிய வேண்டுமென்றால் முதலிலிருந்து கேட்க வேண்டும். அவருக்கோ சாயங்கால ரயிலைப் பிடிக்கிற அவசரம்.

ராமபத்ரன், கொச்சியில் பல தலைமுறைக்கு முன்பே வந்து ஊன்றிவிட்ட தமிழ்ப் பிராமணக் குடும்பத்தைச் சேர்ந்தவர். வீட்டுக்குள் தமிழ், படியிறங்கினால் மலையாளம். தமிழில் கையெழுத்துப் போடச் சொன்னால் இரண்டாவது எழுத்திலேயே பேனா நின்றுவிடும். சென்னையில் ஓர் ஒலிப்பதிவுக் கூடத்தில் சில வருஷம் கை பழகிவிட்டு, எழுபத்தாறில் ஊருக்குத் திரும்பி வந்தார். வரவழைத்தவர் வல்லப் சேட். குஜராத்திக் குடும்பம், மிளகு வியாபாரம், பாட்டென்றால் உயிரை விடுகிற மனுஷர். பஜார் ரோட்டில் இருந்த தம் மிளகுக் கிடங்கின் மாடியைக் கழுவித் துடைத்து, சுவரெல்லாம் கயிற்றுப் பாய் அடித்து, ஸ்டுடியோ என்று பெயர் வைத்து, இனி இது உன் பாடு என்று சாவியை ராமபத்ரன் கையில் கொடுத்துவிட்டார்.

அன்றிலிருந்து கம்பெனியில் எல்லாம் ராமபத்ரன்தான். எந்தப் பாட்டு எடுப்பது, யாரைப் பாட வைப்பது, தபலாவைக் குறைப்பதா கூட்டுவதா, எந்த இடத்தில் வெட்டி எந்த இடத்தில் ஒட்டுவது, எல்லாம் அவர் சொன்னபடி. அம்பலத்துப் பாட்டு, முஸ்லிம்களின் மாப்பிளைப் பாட்டு, மாதா கோவில் பாட்டு, நாடகப் பாட்டு என்று அவர் கை படாத பாட்டு அந்தக் கரையில் கிடையாது. முதலில் ரெக்கார்டு, பிறகு கேசட். அட்டையில் பாடினவர் பெயர் பெரிதாக இருக்கும், எழுதினவர் பெயர் அதற்கடுத்து, தபலாக்காரர் பெயர்கூட இருக்கும். ராமபத்ரன் பெயர் மடிப்புக்கு உள்பக்கம், பசை தடவுகிற இடத்தில். அவர் அதைப் பெரிதுபடுத்தவில்லை என்று சொன்னால் அது பொய். ஒவ்வொரு புது அட்டையையும் பிரித்து அந்த மடிப்பைப் பார்ப்பார். பார்த்துவிட்டு மூடுவார்.

ஊமை டேப் என்பது அவருடைய தொழில் வழக்கம். ஒவ்வொரு பாட்டும் பதிவதற்கு முன்னால் பாடுகிறவர், வாசிக்கிறவர், டீ கொண்டுவந்தவர் எல்லோரையும் வாயை மூடி அசையாமல் உட்காரச் சொல்லிவிட்டு, வெறும் அறையை மட்டும் கொஞ்ச நேரம் பதிந்துகொள்வார். காரணம் இல்லாமல் இல்லை. பாட்டின் நடுவே ஒரு இருமல் விழுந்துவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். அதை வெட்டி எடுத்தால் அங்கே ஒரு பள்ளம் விழும். அந்தப் பள்ளத்தில் வெறும் டேப்பை வைத்து ஒட்டினால் காது உடனே கண்டுபிடித்துவிடும். அதே அறை, அன்றைக்கு எப்படி மூச்சு விட்டுக்கொண்டிருந்ததோ அதைத்தான் வைத்து ஒட்ட வேண்டும். அதற்காகத்தான் அந்த டேப். பெரிய பெரிய பாடகர்களெல்லாம் சுவாமி சன்னிதியில் நிற்பதுபோல் கைகட்டி உட்கார்ந்திருக்க, இவர் ஒன்றுமில்லாததைப் பதிந்துகொண்டிருப்பார். சிரிக்காமல் என்ன செய்வார்கள்? ஊமை டேப் என்று பெயர் வந்துவிட்டது.

மற்றவர்களாயிருந்தால் வேலை முடிந்ததும் அந்த டேப்பை அழித்துவிட்டு மேலேயே வேறு எதையாவது பதிந்திருப்பார்கள். இவருக்கு மனசு வரவில்லை. பிஸ்கட் டின்களில் அடுக்கி, தேதி எழுதி ஒட்டி, சேர்த்துக்கொண்டே போனார்.

அதிருக்கட்டும், மட்டாஞ்சேரியில் ஊமை எங்கே கிடைக்கும்? கீழே கிடங்கில் பெண்கள் வரிசையாக உட்கார்ந்து மிளகு புடைத்துக்கொண்டிருப்பார்கள். அந்தண்டை படகுத் துறையில் எர்ணாகுளம் படகு ஊதும். பள்ளிவாசலில் பாங்கு, சர்ச்சில் மணி, ஓட்டின்மேல் காக்கை, அதற்கும் மேலே மழை. கயிற்றுப் பாய் எதைத்தான் தடுக்கும்? பாட்டுப் பதிவு எத்தனையோ தடவை படகுக்காக நின்றிருக்கிறது. பதிந்ததை ஒழுங்காகக் கேட்டுப் பார்க்க ராமபத்ரனுக்குக் கிடைத்த நாள் ஒன்றே ஒன்றுதான், பந்த். எந்தக் கட்சி அழைத்தாலும் சரி, எதற்காக அழைத்தாலும் சரி, ஊர் மொத்தமும் கதவைச் சாத்திக்கொண்டு தூங்குகிற அன்றைக்கு இவர் குளித்து நெற்றிக்கு இட்டுக்கொண்டு, பின்பக்கச் சந்து வழியாக ஸ்டுடியோவுக்குப் போய்விடுவார். டேப்பில் இருப்பது எது, தெருவில் கேட்பது எது என்று அன்றைக்குத்தான் பிரித்துக் கேட்க முடியும்.

எண்பத்திரண்டில் அப்படி ஒரு பந்த் அன்று, வேறு வேலை இல்லாமல் பழைய ஊமை டேப்புகளை ஒவ்வொன்றாகப் போட்டுக் கேட்டார். கேட்கக் கேட்க மனுஷருக்கு உட்கார முடியவில்லை. ஒன்றில் ஆடி மாதத்து மழை ஓட்டில் ஆரம்பித்து, கூரை ஓரத்து ஓடையில் இறங்கி, முற்றத்துக்கு வந்து சேர்ந்தது. இன்னொன்றில் முறங்கள் சேர்ந்தும் பிரிந்தும் ஒரு தாளம் போட்டன. படகின் ஊதலை வேகத்தைக் குறைத்து ஓடவிட்டுப் பார்த்தார். அடிவயிற்றிலிருந்து எழும்பிய ஒரு நீள ஸ்வரமாக, சுருதிப் பெட்டிபோல் அசையாமல் நின்றது. அத்தனை வருஷமாக எந்தச் சத்தத்தை வெட்டி எறிவதே தொழில் என்று இருந்தாரோ, அந்தச் சத்தத்துக்குள்ளேயே ஒரு சங்கீதம் இருந்திருக்கிறது. அதை யாரும் எடுக்கவில்லை, நான் எடுப்பேன் என்று அன்றைக்கு முடிவு செய்தார். மற்றவர் பாட்டுக்கு மேற்பார்வை பார்த்தது போதும், இது என் கேசட்.

அதில் பாட வைக்க அவர் எந்தப் பாடகரையும் தேடிப் போகவில்லை. கீழே பேச்சியம்மாள் இருந்தாள். தென்காசிப் பக்கம். புருஷன் எர்ணாகுளத்தில் கட்டட வேலை, இவள் கிடங்கில் மிளகுப் புடைப்பு. அவள் பாட்டெடுத்தால்தான் மற்ற முறங்களுக்கு வேகம் வரும். ராமபத்ரன், மூட்டை ஏற்றி இறக்குவதற்காக மாடித் தரையில் விட்டிருந்த திறப்பு வழியாக, மூட்டைக் கயிற்றிலேயே மைக்கைக் கட்டிக் கீழே இறக்கினார். பெண்கள் ரெண்டு நாள் அதைப் பார்த்துப் பார்த்துச் சிரித்தார்கள், பிறகு மறந்துவிட்டார்கள். மறந்த பிறகு பதிந்தார்.

*கடல் தாண்டிப் போற மிளகே, கொஞ்சம் நில்லு,*
*எங் கைச் சூட்டை யாருகிட்ட சொல்லுவே, சொல்லு.*

இப்படிப் போகும் அவள் பாட்டு. பேச்சி ஒரு வரி விட்டால் பக்கத்தில் இருக்கும் மாயம்மாள் முறத்தைத் தட்டி அடுத்த வரிக்கு இடம் கொடுப்பாள். வைப்பின் தீவுக்குப் போய், பாம்புக் காவில் பாடுகிற ஒரு புள்ளுவர் குடும்பத்தின் குடமும் வீணையும் பதிந்து வந்தார். எல்லாவற்றையும் மழையில் ஆரம்பித்து, படகின் நீள ஸ்வரத்தில் நிறுத்தி, முறத்தில் நடக்க வைத்து, பாட்டு வருகிறபோது வரட்டும் என்று அவசரமே இல்லாமல் கோத்தார். 'பாண்டிகசாலை' என்று பெயர் வைத்தார். மட்டாஞ்சேரியில் கிடங்குக்கு அதுதானே பெயர்.

முதலில் கேட்டது மனைவி திரிபுரசுந்தரி. வீட்டில் போட்டுக் காட்டினார். கூடத்தில் உட்கார்ந்திருந்தவள் திடீரென்று எழுந்து கொல்லைக்கு ஓடினாள். வடாம் உணத்தியிருந்தது. போய்ப் பார்த்தால் வெயில் மண்டையைப் பிளக்கிறது. திரும்பி வந்து, "ஏன்னா, மழை கேசட்டிலேன்னு முன்னாடியே பறையப்படாதா?" என்று முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டாள். ராமபத்ரனுக்கு அதைவிட என்ன பாராட்டு வேண்டும்? அன்றைக்கு ராத்திரி இன்னொரு தடவை ரசம் சாதம் கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்.

சேட் கேசட்டைக் கேட்கவே இல்லை. இத்தனை வருஷம் உழைத்தவன் ஆசைப்படுகிறான், போட்டுவிட்டுப் போகட்டும் என்று சம்மதித்தார். கேசட் கடைகளுக்குப் போயிற்று. போன வேகத்தில் திரும்பி வந்தது.

அந்தக் காலத்தில் கடையில் கேசட் வாங்குகிறவர் சும்மா வாங்கமாட்டார். கடைக்காரர் பெட்டியில் போட்டுப் பாட்டு கேட்கிறதா என்று காட்டியாக வேண்டும். இந்தக் கேசட்டைப் போட்டால் பாட்டு வரவில்லை. 'சோ'வென்று ஒரு சத்தம், அது நின்றால் 'சல் சல்' என்று ஒரு சத்தம். கடைக்காரர்கள் பதறிவிட்டார்கள். ஒரு கேசட் இல்லை, கட்டுக் கட்டாக எல்லாம் இப்படியே. எர்ணாகுளத்தில் கம்பெனிக்கு மொத்த விற்பனை பார்த்த நாணு, சாக்கு நிறைய கேசட்டைப் படகில் ஏற்றிக்கொண்டு வந்து ஸ்டுடியோ வாசலில் கொட்டினார். கிடங்கில் தண்ணீர் இறங்கி டேப்பெல்லாம் கெட்டுப்போய்விட்டது, சேட் கூரை ஓடுகளை மாற்ற வேண்டும் என்று ஆலோசனையும் சொன்னார். ராமபத்ரனுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. சாக்கை உள்ளே இழுத்துப் போட்டுக் கதவைச் சாத்திக்கொண்டார்.

சேட் கெட்ட மனுஷர் இல்லை. ராமபத்ரன் முகம் வாடியிருப்பதைப் பார்க்கச் சகிக்காமல், அவருக்கு நல்லது செய்வதாக நினைத்துக்கொண்டு ஒரு காரியம் செய்தார். கேசட்டை எர்ணாகுளத்தில் ஓர் எடிட்டரிடம் கொடுத்து, மழையை வெட்டு, படகை வெட்டு, முறத்தை எவ்வளவு அமுக்க முடியுமோ அவ்வளவு அமுக்கு, பாட்டை மட்டும் ஒன்றன்பின் ஒன்றாக அடுக்கு என்று சொல்லிவிட்டார். பின்னணியில் தபலாவும் சேர்த்தாயிற்று. ராமபத்ரனிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. ஆனால் அட்டையில் அவர் பெயரை எல்லாவற்றுக்கும் மேலே, சிவப்பில், பெரிதாகப் போட்டார்.

அது விற்றது. சாதாரணமாக விற்கவில்லை, பறந்தது. சாயாக்கடையில் பேச்சி பாடினாள், கல்யாணப் பந்தலில் பேச்சி பாடினாள். ராமபத்ரன் வைட்டிலாவில் பஸ்ஸுக்கு நின்றுகொண்டிருந்தபோது எதிரே நின்ற பஸ்ஸுக்குள்ளிருந்து அந்தப் பாட்டு வந்தது. டிரைவர் கேசட் அட்டையைக் கண்ணாடியில் சொருகியிருந்தார், சிவப்பு எழுத்தில் தம் பெயர் தெரிந்தது. ஒரு நிமிஷம் மனசு ஜிவ்வென்று பறந்துவிட்டது. அப்புறம்தான் காதில் விழுந்தது. மழை எங்கே? ஊதல் எங்கே? இவர் வைக்காத தபலாவைச் சேர்த்து, வைத்திருந்ததையெல்லாம் நீக்கியிருக்கிறார்கள்.

இங்கே ஒன்று சொல்லியாக வேண்டும். அவர் உடனே போய்ச் சண்டை போடவில்லை. திரிபுரசுந்தரி அதற்குள் பாலக்காட்டுச் சொந்தம் மொத்தத்துக்கும் ஒவ்வொரு கேசட் அனுப்பியிருந்தாள். தெருவில் பார்ப்பவரெல்லாம் கையைப் பிடித்துக் குலுக்கினார்கள். மடிப்புக்குள் இருந்த பெயர் வெளியே வந்திருக்கிறது, அதைப் போய் வேண்டாம் என்பதா? மனுஷருக்கு உள்ளே அரித்தது, வெளியே இனித்தது. இரண்டையும் சேர்த்துக்கொண்டு சில வாரம் ஓட்டினார்.

ஒருநாள் மத்தியானச் சாப்பாட்டு வேளையில் பேச்சி மாடியேறி வந்தாள். தலையில் சும்மாட்டுத் துணி, புருவத்திலெல்லாம் மிளகுத் தூசி. அவளுக்குச் சந்தோஷமாகத்தான் இருக்கும் என்று நினைத்து ராமபத்ரன் உட்காரச் சொன்னார். அவள் உட்காரவில்லை.

"சாமி, சாயாக்கடையில எம் பாட்டக் கேட்டேன்" என்றாள். "குரலு நல்லாத்தான் விழுந்திருக்கு, கொற சொல்லல. ஆனா நான் என்னமோ வேலவெட்டி இல்லாம காலை நீட்டி உக்காந்து பாடுத மாதிரில்லா இருக்கு? நான் என்னைக்கு அப்படிப் பாடுனேன்? கையில மொறம் இல்லாட்டா எனக்குப் பாட்டே வராதே. எம் மொறம் எங்க சாமி? மாயம்மா மொறம் எங்க?"

 ராமபத்ரன், அது சேட் செய்தது என்று சொல்லியிருக்கலாம். அட்டையில் இருந்தது சேட்டின் பெயரில்லையே.

அவள் இறங்கிப் போனதும் நேரே சேட்டின் கணக்கு அறைக்குப் போனார். நான் செய்தபடி கேசட்டைப் போடுங்கள், இல்லாவிட்டால் என் பெயரை எடுத்துவிடுங்கள் என்றார். சேட் முதலில் சிரித்தார். பிறகு, கீழே கிடங்கில் நாள் முழுக்கச் சும்மா கேட்கிற சத்தத்தை எவனாவது கேசட்டில் வாங்குவானா என்று கேட்டார். பிறகு அவருக்கும் கோபம் வந்துவிட்டது. இத்தனை பெரிய பேர் வாங்கிக் கொடுத்தேன், நன்றி இல்லை என்று கத்தினார்.

"பேரு எனக்கு வேணும் சேட், வேண்டாம்னு பொய் சொல்ல மாட்டேன்" என்றார் ராமபத்ரன். "ஆனா அந்தக் கேசட்டை நான் பண்ணலை. நான் பண்ணாத காரியத்துக்கு என் பேரைப் போட்டா, நான் பண்ணினதுக்கு நாளைக்கு யாரு பேரைப் போடறது?"

அப்படியானால் மாசக் கடைசியில் சாவியைக் கொடுத்துவிட்டுப் போ என்று சேட் சொல்லிவிட்டார். சரி என்று இவரும் சொல்லிவிட்டார். வீட்டுக்கு வந்து சொன்னபோது திரிபுரசுந்தரி அழுவாள் என்று எதிர்பார்த்தார். அவள் கையில் இருந்த காயை நறுக்கி முடித்துவிட்டு, பாலக்காட்டுக்கெல்லாம் அனுப்பினது சரியான கேசட் இல்லை என்று இனி ஒவ்வொருத்தருக்கும் சொல்ல வேண்டுமே, அதுதான் கஷ்டம் என்றாள். ராமபத்ரனுக்கு அவள்மேல் அப்படி ஒரு பெருமை வந்தது.

மாசக் கடைசிக்கு முன்னால் ஒரு பந்த் வந்தது. விடிந்ததிலிருந்து பஸ் இல்லை, படகு இல்லை, கடை இல்லை. ராமபத்ரன் வழக்கம்போல் குளித்துவிட்டுச் சந்து வழியாகப் போனார். ஸ்டுடியோவில் அவருக்கு அது கடைசி பந்த். வேறெதுவும் செய்யத் தோன்றவில்லை. வெட்டாத முதல் டேப் இரும்பு பீரோவில் இருந்தது. அதை எடுத்து மாட்டினார். எங்கே பதிந்ததோ அங்கேயே ஒரு தடவை கேட்டுவிட்டுப் போகிறேன் என்று, மூட்டை இறக்கும் திறப்பைத் திறந்து, இரண்டு ஸ்பீக்கர் பெட்டிகளையும் கீழே பார்க்கக் கவிழ்த்து வைத்தார். கீழே கிடங்கு காலியாகக் கிடந்தது. முறங்கள் ஆணியில் தொங்கின. வெளிக்கதவில் பெரிய பூட்டு. டேப்பை ஓடவிட்டு, திறப்பின் ஓரத்தில் காலைத் தொங்கவிட்டு உட்கார்ந்து கண்ணை மூடிக்கொண்டார். ஊரே ஓய்ந்து கிடந்ததில் சத்தம் எங்கும் முட்டாமல் போயிற்று.

எங்கே போயிற்று என்றால், பஜார் ரோட்டுக்குப் போயிற்று. அங்கே கொடி பிடித்துக்கொண்டு பந்த்தைக் கண்காணிக்கிற கூட்டம் வந்துகொண்டிருந்தது. முன்னால் வந்தவர் அழகர், சுமை தூக்குகிறவர்கள் சங்கத்துத் தலைவர். கேட்ட மாத்திரத்தில் நின்றுவிட்டார். வல்லப் சேட்டின் கிடங்கில் வேலை நடக்கிறது. முறம் விழுகிறது, ஒன்றில்லை, வரிசையாக. கதவில் பார்த்தால் வெளியே பூட்டு. பெண்களை உள்ளே வைத்துப் பூட்டி, பந்த் அன்றைக்குத் திருட்டுத்தனமாக மிளகு புடைக்க வைக்கிறார் சேட்! அழகருக்குக் கண் சிவந்துவிட்டது. கதவை உதைக்க ஆரம்பித்தார்கள். ஒருவர் சேட் வீட்டுக்கு ஓடினார்.

மேலே ராமபத்ரன் கண்ணைத் திறக்காமலே முகம் சுளித்தார். இந்தக் கதவு இடிக்கிற சத்தம் எந்த ஊமை டேப்பில் வந்தது, எப்படிக் கவனிக்காமல் விட்டேன் என்று தம்மையே திட்டிக்கொண்டார்.

சேட் தலையில் குல்லா இல்லாமல், சாவிக் கொத்தும் கையுமாக வந்து சேர்ந்தார். கடவுள் சத்தியமாக ஒருவரையும் வேலைக்குக் கூப்பிடவில்லை என்றார். சொல்லிக்கொண்டிருக்கும்போதே அவர் காதிலும் முறச் சத்தம் விழுந்தது. முகம் வெளுத்துவிட்டது. தமக்குத் தெரியாமல் யாரோ துரோகம் செய்திருக்கிறார்கள் என்று நினைத்து, பூட்டைத் திறந்தார். எல்லோரும் திமுதிமுவென்று உள்ளே நுழைந்தார்கள்.

உள்ளே ஒருவரும் இல்லை. மூட்டை அடுக்கு இருக்கிறது, தூண் இருக்கிறது, ஆணியில் முறம் இருக்கிறது. ஆனால் வேலை நடந்துகொண்டே இருக்கிறது. அழகர் தூணைச் சுற்றி வந்து பார்த்தார். இரண்டு பேர் மூட்டைக்குப் பின்னால் எட்டிப் பார்த்தார்கள். அந்த நேரம் பார்த்து மழை திரும்ப வந்தது. ஓட்டில் ஆரம்பித்து, ஓடையில் இறங்கி, நேரே முற்றத்துக்கு. கூட்டத்தில் ஒருவர் குடையை விரித்தே விட்டார். முற்றத்தில் வெயில் பளீரென்று அடித்துக்கொண்டிருந்தது. அவர் குடையைப் பிடித்துக்கொண்டு வானத்தைப் பார்த்தார், பக்கத்தில் இருந்தவரைப் பார்த்தார், மெதுவாக மடக்கினார். யாரும் சிரிக்கவில்லை.

வாசலில் யாரோ வேகமாக வந்தார்கள். பேச்சியும் மாயம்மாளும். கிடங்கில் வேலை ஆரம்பித்துவிட்டது என்று யாரோ அவர்கள் சந்தில் போய்ச் சொல்லியிருக்கிறார்கள். எங்களைக் கூப்பிடாமல் யாரை வைத்து வேலை நடத்துகிறீர்கள் என்று கேட்கச் சேலையை இழுத்துச் சொருகிக்கொண்டு வந்திருந்தாள் பேச்சி. வாய்வரைக்கும் வந்துவிட்டது கேள்வி.

அப்போது படகின் ஊதல் எழுந்தது. அந்த நீள ஸ்வரம், கிடங்குத் தரையையே மெல்லத் தூக்குவதுபோல. அதன்மேல் அவள் குரல் இறங்கியது. *கடல் தாண்டிப் போற மிளகே, கொஞ்சம் நில்லு.* எல்லோரும் திரும்பிப் பேச்சியைப் பார்த்தார்கள். அவள் வாய் மூடியிருந்தது. அவளைச் சுற்றிலும் அவள் பாடிக்கொண்டிருந்தாள்.

பேச்சி நின்ற இடத்தில் நின்றாள். கொஞ்ச நேரத்தில் அவள் வலது கை தானாக இடுப்புக்கு முன்னால் வந்து அசைய ஆரம்பித்தது. முறமில்லாத கை. அவள் அதைக் கவனித்ததாகத் தெரியவில்லை.

"மொதலாளி" என்றாள், சேட்டைப் பார்த்து. சத்தமாகச் சொல்லவில்லை. "கேட்டியளா? இதாக்கும் நான்."

 சேட் நாள் தவறாமல் நடந்து போன கிடங்கு அது. ஒரு மூட்டையின்மேல் மெல்ல உட்கார்ந்துகொண்டார். அழகர் கொடியைச் சுவரில் சாய்த்து வைத்தார். அப்புறம்தான் ஒருவர் நிமிர்ந்து பார்த்துத் திறப்பில் தொங்கிய காலைக் காட்டினார்.

ராமபத்ரன் கண்ணைத் திறந்தபோது கீழே இத்தனை முகங்கள் அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தன. முதலில் மனுஷர் பயந்தே போனார். பிறகு சேட்டைப் பார்த்தார். தம் டேப்பால் சேட் மாட்டிக்கொண்டிருக்கிறார் என்று புரிந்துவிட்டது. மாசக் கடைசிக்குக் காத்திருப்பானேன் என்று இடுப்பிலிருந்து சாவியை எடுத்து, மூட்டைக் கயிற்றில் கட்டிக் கீழே இறக்கினார். அது ஆடி ஆடி வந்து சேட்டின் முகத்துக்கு நேரே நின்றது.

சேட் அதைத் தொடவில்லை. அண்ணாந்து பார்த்து, இதை இப்படியே போடுவோம் என்று மலையாளத்தில் சொன்னார்.  கடைக்காரர்கள் திருப்பி அனுப்பினால் அனுப்பட்டும், நானே போய் ஒவ்வொரு கடையிலும் உட்கார்ந்து கேட்க வைக்கிறேன் என்றார். பிறகு, பெயரை எப்படிப் போடுவது என்று கேட்டார்.

ராமபத்ரன் கயிற்றைப் பிடித்தபடியே குனிந்தார். இத்தனை வருஷம் மடிப்புக்குள் பார்த்த பெயர், சிவப்பில் பார்த்துக் கூசிப்போன பெயர்.

"ஊமை டேப் ராமபத்ரன்" என்றார். "அப்படித்தான் போடணும். பேச்சி பேரு மேலே. மாயம்மாள் பேரும் வேணும், முறம்னு போட்டு."

அழகர் ஏதோ சொல்ல ஆரம்பித்தார், பந்த் அன்றைக்கு என்று. குடைக்காரர் ஏதோ கேட்டார். சேட் ராமபத்ரனைக் கீழே இறங்கி வரச் சொன்னார். எல்லோரும் ஒரே நேரத்தில் பேச ஆரம்பித்துவிட்டார்கள்.

பேச்சி கையை உயர்த்தினாள்.

"எல்லாரும் கொஞ்சம் பேசாம இருங்க" என்றாள். "மாயம்மா மொறம் வரப்போவுது."

முதலாளியும் சங்கத் தலைவரும் கொடி பிடித்தவர்களும் வாயை மூடிக்கொண்டு அசையாமல் நின்றார்கள். மேலே ராமபத்ரன் கண்ணைத் துடைத்துக்கொண்டு, இதையும் பதிந்துவைத்திருக்கலாமே என்று நினைத்தார். மைக்கை இறக்க நேரமில்லை. முறம் வந்துவிட்டது.